கட்டடச் சிற்பி வில்லியம் மெரல் வோரிஸ்

தொழில் வேறு, ஊழியம் வேறு என்று எண்ணுவோர் நம்மிற் பலர். இறைவனுக்குத் தொண்டுசெய்ய விரும்புவோன் தனக்கு வாய்த்த கலையைத் துறத்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். கலையை நாடுவோனுக்குத் தொண்டுசெய்ய நேரமேது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கையும் பிழையென்பதைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் வில்லியம் மெரல் வோரிஸ் என்னும் பெரியார். ஜப்பான் தேசத்தில் இவரும் இவர்தம் தோழரும் சமைத்த கலாசாலைகளும், ஆலயங்களும், மருத்துவ சாலைகளும், வாலிபர் சங்க மாளிகைகளும், இல்லங்களும் ஏறத்தாழ 1,500 என்பர். ஆயினும் இவர் எந்தக் கட்டடக் கலைப் பள்ளியிலும் பட்டம் பெற்றவரல்லர்.

வோரிஸ் அமெரிக்க ஐக்கிய நாட்டிலே கான்ஸாஸ் மாகாணத்து லெவன்வொர்த் நகரில் 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் நாள் பிறந்தார். இளமை முதற்கொண்டே கட்டடக் கலையில் இவருக்குப் பேரவா இருந்தது. கொலராடோ கலாசாலையிற் சேர்ந்து, பின்னர் அக்கலையையே முறையாகக் கற்றுத் தேர்வது என்று உறுதிகொண்டிருந்தார். 1902-ஆம் ஆண்டில் கனடா தேசத்து டொரன்டோ நகரிற் கூடிய மாணவத் தொண்டர் மகாநாட்டிற்குத் தம் கலாசாலையின் பிரதிநிதியாகச் சென்றார். அங்கே சீன தேசத்தில் ஊழியஞ்செய்த அம்மையார் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு இவர் உள்ளத்தைப் பிணித்தது. அன்றே தம் கலையைக் கைவிட்டுக் கீழ்நாடுகளில் ஊழியம் புரிவதெனத் தீர்மானித்தார். தத்துவம் பயின்று 1904-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார்.

1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வோரிஸ் ஜப்பானை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 24. பீவா ஏரியின் கீழ்க்கரையில் வணிகர் மலிந்த ஹாச்சிமான் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. அவ்வூர் அரசாங்க வர்த்தகப் பாடசாலையில் ஆங்கில உபாத்தியாயராக அமர்ந்தார். மொழியறியாத ஊரில் உற்றார் ஒருவருமின்றி வாழ்ந்த அவர், மாலை வேளைகளில் வேத வகுப்பு ஒன்று நடத்தலானார். மாணவர் திரள் திரளாக வந்தனர். சிலர் கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவினர். மரித்த கலாசாலைத் தோழர் ஒருவரின் நினைவாக, மாணவர்க்கென ஒரு சங்க மண்டபத்தையும் அவர் எழுப்பினார். இவற்றைக் கண்ட ஊராரிற் சிலர் வெகுண்டனர். எதிர்ப்பு முற்றவே, 1907-ஆம் ஆண்டில் வோரிஸ் உத்தியோகத்தினின்றும் நீக்கப்பட்டார்.

கையிற் பொருளில்லை, திருப்பியழைத்து ஆதரிக்க மிஷன் சங்கம் எதுவும் இல்லை. தாய்நாட்டிற்குத் திரும்பியிருந்தால் அவரை யாரும் குறைகூறியிரார். அவரோ தம்மை விலக்கிய அவ்வூரிலேயே தங்கினார். அடுத்த ஆண்டில் கியோத்தோ நகர வாலிபர் சங்கக் கட்டடத்தின் வேலையை மேற்பார்வை செய்யும் பணி கிட்டியது. ஊழியத்தின் பொருட்டு எக்கலையை விட்டாரோ, அக்கலையே ஊழியத்தின் கருவியாக அவரிடம் மீண்டது. தமக்குக் குறைந்த பயிற்சியை, அமெரிக்காவிலிருந்து முறையாகக் கற்றோரை வருவித்து நிறைவுசெய்தார். வேத வகுப்பில் அமர்ந்த ஜப்பானிய இளைஞர் சிலரும் அவருடன் வரைபலகையின்முன் அமர்ந்தனர்.

1911-ஆம் ஆண்டில் இக்குழுவினர் ஓமி மிஷன் என்னும் சங்கத்தை நிறுவினர். கட்டடப் பணியால் வந்த ஊதியம் ஊழியத்தைத் தாங்கியது. 1914 முதல் கலிலேயா என்னும் பெயர் தாங்கிய படகொன்று பீவா ஏரிக்கரை ஊர்களுக்குச் சென்றது. அந்நாளில் கொள்ளை நோயென மக்கள் அஞ்சிய க்ஷயரோகத்திற்கு 1918-ஆம் ஆண்டில் ஒரு சானடோரியம் திறக்கப்பட்டது. 1920-ஆம் ஆண்டில் மெந்தோலேட்டம் என்னும் தைலத்தை ஜப்பானில் விற்கும் வியாபாரத்தையும் சங்கத்தார் மேற்கொண்டு, அதன் இலாபத்தையும் நற்பணிகளுக்கே செலவிட்டனர்.

1919-ஆம் ஆண்டில் வோரிஸ், பிரபு குடும்பத்துப் புதல்வியாரும் அமெரிக்காவிற் கல்வி பயின்றவருமான ஹிதோத்சுயானாகி மாக்கிகோ அம்மையாரை மணந்தார். தாம் வரைந்து 1916-ஆம் ஆண்டில் முடித்த தோக்கியோ மெய்ஜி காக்குவின் கலாசாலை ஆலயத்திலேயே அவர் திருமணம் நிகழ்ந்தது. அம்மையார் ஹாச்சிமானில் தொழிலாளர் குழந்தைகளைச் சேர்த்துக் கல்வி புகட்டினார். அதுவே பின்னர்ப் பெரிய பள்ளியாக வளர்ந்தது.

வோரிஸ் அமைத்த கலாசாலைகளுள் சிறந்தவை இரண்டு நிஷினோமியா நகரில் உள்ளன. 1929-ஆம் ஆண்டில் அங்கே குடியேறிய குவான்செய் காக்குவினில், பசும்புல் வெளியின் முடிவில் மணிக்கூண்டுடைய நூலகம் நிற்கும்; அதன் பின்னே கபுதோ மலை தோன்றும். சிவந்த ஓடும் வெளிறிய சுவரும் உடைய அக்கட்டடங்கள் ஸ்பானிய முறையைத் தழுவியவை. 1933-ஆம் ஆண்டில் கோபே மகளிர் கலாசாலையும் அந்நகரில் அவர் வரைந்த புதுமனை புகுந்தது. 1935-ஆம் ஆண்டில் கொரியா தேசத்துச் சியோல் நகரில் ஈவா மகளிர் கலாசாலைக்கும் அவர் குழுவினர் மாளிகைகள் அமைத்தனர். தம் பெயர் விளங்கும் ஒரே பாணியை வோரிஸ் எங்கும் திணித்தாரல்லர். குடியிருப்போர்க்குக் காற்றும் வெளிச்சமும் கிட்டுகின்றனவா, படிகள் முதியோரும் சிறுவரும் ஏறத்தக்கனவா என்பவையே அவர் கருத்தில் முதலிடம் பெற்றன.

பின்னர் பெருஞ்சோதனை வந்தது. அமெரிக்காவிற்கும் ஜப்பானுக்கும் பகை மூண்டு, அந்நியர் பலர் கப்பலேறினர். வோரிஸ் 1941-ஆம் ஆண்டில் ஜப்பானியக் குடியுரிமை பெற்று, மனைவியாரின் குலப்பெயரை ஏற்றார். மெரல் என்னும் தம் பெயரை, அமெரிக்காவிலிருந்து வந்து தங்கியவன் என்று பொருள்படும் மூன்று எழுத்துக்களால் எழுதினார். யுத்த காலத்தைக் கருயிசாவா மலையூரில் ஒடுங்கிக் கழித்தார். 1945-ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின், முன்னாள் பிரதம மந்திரி கோனோயே பிரபுவின் வேண்டுகோளின்படி அவருக்கும் ஜெனரல் மக்கார்தருக்கும் தொடர்பு உண்டாக உதவினார். இரு நாட்டாரும் ஐயுற்ற ஒருவரே இரு நாட்டார்க்கும் பாலமானார்.

1957-ஆம் ஆண்டில் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு வோரிஸ் படுக்கையுற்றார். மறு ஆண்டில் ஹாச்சிமான் நகரத்தார் தம் நகரின் முதல் கௌரவப் பிரஜையாக அவரைப் போற்றினர். உபாத்தியாயர் வேலையினின்று நீக்கப்பட்ட அதே ஊரில் இச்சிறப்பு அவருக்கு வாய்த்தது. 1964-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், தம் 83-ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

தொயோசாத்தோ என்னும் ஊரில் 1937-ஆம் ஆண்டில் அவர் அமைத்த ஆரம்பப் பாடசாலையின் மாடிப்படிக் கைப்பிடிகளில், முயலும் ஆமையும் பந்தயம் ஓடும் கதை சிறு வெண்கல உருவங்களாக அமைந்துள்ளது. 2002-ஆம் ஆண்டில் அப்பள்ளியை இடிக்க அவ்வூர் அதிகாரிகள் முற்பட்டபோது, அங்குப் படித்த முதியோரும் பிள்ளைகளின் பெற்றோரும் நீதிமன்றம் வரை சென்று தடுத்தனர். 2009-ஆம் ஆண்டில் கட்டடம் செப்பனிடப்பெற்றது. அந்த ஆமை இன்றும் படியின் உச்சியில் இருக்கின்றது.

மாணவ நண்பர்களே! நாம் நாள்தோறும் நடக்கும் தாழ்வாரங்களையும், சாய்ந்து நிற்கும் தூண்களையும் ஒருவர் நம்மை நினைந்தே வரைந்தார். அவர் பெயரை நாம் அறியோம். நாம் துறந்ததும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டதும் வீணாவதில்லை. பிறர் பயன் கருதி உழைப்பார்க்கு அது வேறு வடிவில் திரும்பி வரும். வோரிஸ் பெரியாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாம்.