பறவைகளின் கணக்கப்பிள்ளை: டாக்டர் சாலிம் அலி

பொன்விழா மலர் என்றால் சங்கத்தைத் தோற்றுவித்த பெரியவர்களைப் பற்றி எழுதுவதுதான் முறை. அதை எழுதத் தகுந்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டவருக்கு நம் சங்கத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் நம்மைப் போலவே வியாபாரக் குடும்பத்தில் வளர்ந்து, கடல் கடந்து பிழைக்கப் போய், அங்கே தோற்றுத் திரும்பியவர். பிறகு உலகம் அறிந்த பறவையியல் அறிஞர் ஆனவர்.

சாலிம் அலி 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்த எத்தீம் பிள்ளை. வளர்த்தவர் தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜி. மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. ஒருநாள் பையன் சுட்டு வீழ்த்திய சிட்டுக்குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான குருவி இல்லையே, இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று சந்தேகம் வந்துவிட்டது. மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகச் செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர் பையனை விரட்டவில்லை. குருவியின் பெயரைச் சொல்லி, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். ஹலாலா ஹராமா என்று கேட்கப் போன பிள்ளை, ஆயுள் முழுவதற்கும் போதுமான கேள்விகளோடு திரும்பி வந்தது.

1914இல் பர்மாவின் தவாய் பகுதிக்குப் போனார். அங்கே குடும்பத்துக்கு வுல்ஃப்ரம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. ஈயத்தை நம்பி ஈப்போவுக்கு வந்த நம் பெரியவர்களுக்கு அந்த வாழ்க்கை புதிதல்ல. சாலிம் அலியோ சுரங்கக் கணக்கை விடக் காட்டுப் பறவைகளைத்தான் அதிகம் கவனித்தார். கடைசியில் வியாபாரம் படுத்தது. கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நமக்கு இந்த இடத்தைப் படிக்கும்போது கொஞ்சம் கோபம் வருகிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவருக்கு மனைவியாக வாய்த்த தெஹ்மினா அம்மையார் ஒருமுறையும் அவரைத் தடுக்கவில்லை.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசாங்க விலங்கியல் துறையில் வேலை கிடைக்கவில்லை. டிப்ளமா மட்டும் வைத்திருக்கும் நம் போன்றோருக்கு அந்தக் கதவு எப்படிச் சாத்தப்படும் என்று தெரியும். பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி வேலை பார்த்தார். பிறகு 1929இல் சொந்த முயற்சியில் பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரேஸமன் என்பவரிடம் பயின்றார். பறவையின் காலில் வளையமிட்டு அதன் பயணத்தை அறியும் முறையையும் அங்கேதான் கற்றார். திரும்பி வந்து பார்த்தால், பணமில்லை என்று அந்த அருங்காட்சியக வேலையையே எடுத்துவிட்டார்கள்.

வேலையில்லாத அந்தக் காலத்தில் தம்பதியர் கடற்கரை ஓரக் கிஹிம் கிராமத்தில் தங்கினார்கள். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. ஏணியில் மறைந்து உட்கார்ந்து மாதக்கணக்கில் பார்த்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும், பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும், பிடித்தால் குடியேறும். அது முட்டையிட்டதும் ஆண் அடுத்த கூடு கட்டத் தொடங்கி இன்னொரு பெண்ணை எதிர்பார்க்கும். வீடு இல்லாமல் பெண் கிடைக்காது என்ற சட்டம் குருவிக்கும் உண்டு போலும்! அந்த ஆய்வுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1939இல் தெஹ்மினா அம்மையார் ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் மறைந்தார். அவர் மறுமணம் செய்யவில்லை. 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலும், பின்னாளில் அமெரிக்க அறிஞர் ரிப்ளியோடு சேர்ந்து பத்துத் தொகுதி நூலும் வெளிவந்தன.

இனி நமக்கு நெருக்கமான செய்தி. 1957இல் மைசூர்க் காடுகளில் குரங்குகள் செத்து விழுந்தன. மனிதர்களும் காய்ச்சலில் மாண்டார்கள். ரஷ்ய நாட்டில் வசந்த காலத்தில் பரவும் நோய்க்கிருமியை ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்று ஐயம் எழுந்தது. அந்தப் பழி நிரூபணமாகவில்லை. ஆனால் அதனால் கிடைத்த பண உதவியில் சாலிம் அலியின் கழகம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிட்டது. அதற்கு அமைந்த முக்கியமான இடங்களில் ஒன்று கோடியக்கரை. நம் பாட்டனார்கள் ரஜூலா கப்பலேறிய நாகப்பட்டினத்துக்குத் தெற்கே உள்ள அதே கோடியக்கரைதான். 1967இல் அது சரணாலயமானது.

அதே காலத்தில் மெக்ளூர் என்ற அமெரிக்கர் முதலில் மலாயாவிலும், பின்பு பல ஆசிய நாடுகளிலும் இதே வேலையைச் செய்தார். 1963 முதல் 1971 வரை அவரது திட்டத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையம் பூட்டினார்கள்.

இந்தக் கணக்கு நம் பேராக்கிலும் கண்ணுக்குத் தெரியும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் மலாக்கா நீரிணையைக் கடந்து தஞ்சோங் துவான் முனையில் கரையேறி வடக்கே போகின்றன. கோலா குலா சதுப்பில் உள்ளான்கள் புறப்படுமுன் இரை தேடிக் கொழுக்கின்றன. அந்தியில் மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகள் ஏப்ரலுக்குள் குறைந்துவிடும். கடைத் தாழ்வாரத்தில் எச்சமிடுகின்றன என்று நாம் திட்டும் அவை வட ஆசியாவரை திரும்பிப் போகின்றன. பழைய ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிய பிறகு எந்தப் பறவை நின்றது, எது போனது என்று எழுதிவைத்தவர் நம்மில் யாரும் இல்லை. பால் வெட்டப் போன பெரியவர்களைக் கேட்டால் இன்னும் சில பெயர்கள் கிடைக்கும்.

கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரைச் சாலிம் அலி தம் கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பத்ம விபூஷண், மாநிலங்களவை உறுப்பினர் பதவி எல்லாம் முதுமையில் வந்தன. 1987இல் தமது 90ஆம் வயதில் பம்பாயில் காலமானார். அவர் பெயரிலான பறவை ஆய்வு நிலையம் கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் இயங்குகிறது. நாகூருக்குப் போகும் நம் குடும்பங்கள் டிசம்பர், ஜனவரியில் போனால், ஒரு பகல் ஒதுக்கிக் கோடியக்கரைக்குக் கார் எடுக்கலாம். பூநாரைகள் கூட்டமாக இறங்கும் பருவம் அது. பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கிப் போங்கள். அங்கே உப்பளத்து வெயில் கடுமை, தொப்பியும் வேண்டும்.