தாவரநூற் புலவர் லெஷெனோ

லெஷெனோ தெ லா தூர் என்னும் இப்பெரியார் 1773-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் பிரெஞ்சு தேசத்திலே, சோன் ஆற்றங்கரைச் சாலோன் நகரிற் பிறந்தார். 1800-இல் போதேன் என்னும் தளகர்த்தர் ஆஸ்திரேலியக் கரைகளை ஆராயக் கப்பலேறியபோது, தாவரநூற் புலவராக இவரும் உடன்சென்றார். நோய் பற்றியமையால் 1803-இல் தீமோர்த் தீவில் இறங்க நேர்ந்தது. வேறொருவராயின் சோர்ந்திருப்பர். இவரோ அங்கிருந்து சாவகம் சென்று, சில்லாண்டு தங்கிச் செடிகளும் பறவைகளும் திரட்டிக்கொண்டு, 1807-இல் தாயகம் மீண்டார். இதற்கிடையில் ராபர்ட் பிரௌன் என்னும் ஆங்கிலப் புலவர் ஆஸ்திரேலியச் செடியினம் ஒன்றுக்கு 1810-இல் இவர் பெயரைச் சூட்டினார். சூட்டுங்கால் பெயரில் ஓரெழுத்தை விட்டுவிட்டார்! அப்பிழை இன்றும் நூல்களில் நின்று நிலவுகின்றது.

1816-இல் புதுவை ஆங்கிலேயரிடமிருந்து மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அவ்வாண்டே லெஷெனோ இந்நாட்டுக்கு அனுப்பப்பெற்றார். புதுவையில் தாவரத் தோட்டத்தை நடத்தினார். ஆங்கிலேயரிடம் அனுமதி பெற்றுச் சென்னை இராசதானி, வங்கம், இலங்கை எங்கும் திரிந்தார். கரும்பு, பருத்தி முதலியவற்றைப் பூர்போன் தீவுக்கு அனுப்பினார். 1819-இல் நீலகிரி ஏறி, அம்மலைக் காற்றால் உடல்நலந் தேறினார்.

ஆயினும் புதுவை மக்கள் இவரை நினைத்தற்குரிய காரணம் செடியன்று, ஒரு வௌவால். அப்பழந்தின்னியைத் தெமரே என்பார் 1820-இல் விவரித்து, லெஷெனோவின் பெயரையே அதற்கு இட்டார். ஒரு விலங்கு முதன்முதல் எவ்வூரினின்று விவரிக்கப்பெற்றதோ அவ்வூரை அதன் மூலவிடமென்பர் நூலோர். இவ்வௌவாலுக்கு மூலவிடம் புதுவையே. குகைகளிலும் பாழ்மண்டபங்களிலும் பாழ்ங்கிணறுகளிலும் இது கூட்டமாகத் தொங்கும். பழந்தின்னிகளுட் பெரும்பாலன கண்ணையும் மூக்கையுமே நம்ப, இதுவோ நாவினாற் சொடுக்கொலி எழுப்பி, எதிரொலியால் இருளில் வழி காண்கின்றது. இலுப்பை, இலவம் முதலிய மரங்களின் இரவுப் பூக்களுக்கு மகரந்தம் கொணர்வனவும், விதைகளைத் தூரத்தே பரப்புவனவும் இத்தகைய பழந்தின்னிகளே.

இத்துணை உதவியும் செய்யும் உயிரை, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் ஐந்தாம் அட்டவணையில், காகம், எலிகளோடு சேர்த்துத் தீங்குயிர் என்று எழுதிவைத்தது. பழந்தோட்டக்காரர் அடையும் நட்டம் பொய்யன்று. எனினும் ஓரினம் முழுவதையும் கொல்லத்தக்கதாக எழுதியது மிகையென்றே நாம் கருதுகின்றோம். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையை நீக்கியது. சட்டம் மாறினும், எத்தனை உள, எங்கே உள என்பது தெரியாவிடில் குறைவு எங்ஙனம் புலப்படும்? பகலில் உறைவிடத்துட் புகுந்து கலைத்தலாகாது. மாலையில் வாயிலுக்கு அப்பால் அமைதியாயிருந்து, வானம் வெளிறியுள்ள திசையை நோக்கி, வெளிப்படுவனவற்றை எண்ணிக் குறித்தல் வேண்டும். அதே இடத்தில் அதே பருவத்தில் ஆண்டுதோறும் எண்ணல் வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டா. தம் ஊர்ப் பாழ்மண்டபத்தை அறிந்த மாணவ நண்பர் எவரும் எண்ணி, ஆராய்ச்சியாளர்க்கு அறிவிக்கலாம்.

லெஷெனோ 1822-இல் பிரெஞ்சு தேசம் திரும்பினார். ஓய்ந்திருக்க மனமின்றிப் பிரேசில், கயானா நாடுகளுக்குச் சென்று, நோயால் மீண்டு, 1826-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் பாரிஸ் நகரிற் காலமானார். அவ்வாண்டிலேயே லெசோன் என்னும் புலவர் உப்புக்கொத்திப் பறவை ஒன்றுக்கும் அவர் பெயரை இட்டார். அதுவும் பனிக்காலத்தில் நம் கடற்கரைக்கு வருகின்றது.