படத்தில் மட்டும் பார்த்த கருவிகள்

இருபாலரும் பயிலும் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக நான் இருந்த காலத்தில், செய்முறை வகுப்பில் ஒரு காட்சி மீண்டும் மீண்டும் தென்பட்டதுண்டு. நால்வர் கொண்ட குழுவில் திருகு அளவியைப் பிடித்திருப்பவன் மாணவன். அவன் சொல்லும் அளவீட்டை அழகிய கையெழுத்தில் பதிவேட்டில் எழுதுபவள் மாணவி. யாரும் அவர்களை அப்படிப் பணிக்கவில்லை. நானும் பல ஆண்டுகள் அதை மாற்ற முயலவில்லை. பதிவேடு சுத்தமாக இருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. லீஸ் மைட்னரின் வாழ்க்கையைப் படித்த பிறகே அந்தக் காட்சி என்னை உறுத்தத் தொடங்கியது.

மைட்னர் 1878-இல் வியன்னாவில், வழக்குரைஞர் ஒருவரின் எட்டுக் குழந்தைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார். அணுக்கருப் பிளவுக்கு இயற்பியல் விளக்கம் தந்தவர் என்றே உலகம் அவரை அறியும். ஆனால், என்னை ஈர்த்தது அந்தச் சாதனையைவிட, அவருக்குக் கிட்டாமற்போன பள்ளிப் படிப்பு. அன்றைய ஆஸ்திரியாவில் பெண்களின் பொதுக்கல்வி பதினான்கு வயதோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் எட்டாண்டு உயர்நிலைப் பள்ளிகள் ஆண் பிள்ளைகளுக்கே உரியவை. 1892-இல் மைட்னரின் படிப்பு நின்றது. கணிதத்திலும் இயற்பியலிலும் நாட்டம் கொண்டிருந்த அவர், பெண்ணுக்குத் தகுந்ததென அன்று கருதப்பட்ட ஆசிரியப் பணிக்காகப் பிரெஞ்சு மொழி பயின்றார்.

1897-இல் ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்களின் தத்துவப் புலம் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இயற்பியல் அப்புலத்தைச் சேர்ந்தது. ஆனால், நுழைய விரும்பும் பெண், ஆண் பிள்ளைகள் எழுதும் பள்ளி இறுதித் தேர்வில் தேறியாக வேண்டும். அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் அரசுப் பள்ளிகளோ அவளைச் சேர்த்துக்கொள்வதில்லை. கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிடும் இவ்வகைச் சீர்திருத்தம் நமக்கும் புதியதன்று.

பிரெஞ்சு ஆசிரியர் தேர்வை முடித்த பின், தந்தையின் செலவில் தனிப்பயிற்சி தொடங்கியது. எட்டாண்டுப் பாடத்தை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் படித்தார். கையில் புத்தகமின்றி அறையைக் கடந்தால்கூட, தேர்வில் தோற்றுவிடுவாய் என்று உடன்பிறந்தவர்கள் கேலி செய்வார்களாம். இயற்பியல் கற்பித்தவர் ஆர்தர் ஸார்வசி. அவர் தம்மிடம் பயின்ற பெண்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச்சென்று கருவிகளைக் காட்டினார். நூலின் படங்களைக் கொண்டு தாங்கள் மனத்தில் உருவகித்திருந்ததிலிருந்து சில கருவிகள் வேறுபட்டிருந்ததை, எண்பது வயதைக் கடந்தபின் எழுதிய கட்டுரையிலும் மைட்னர் நினைவுகூர்ந்தார். இருபது வயதைக் கடந்த பெண்கள் முதன்முறையாக ஓர் இயற்பியல் கருவியின் முன் நிற்கிறார்கள்! ஆசிரியனான எனக்கு அந்த வரிகளைக் கடந்துசெல்வது எளிதாக இருக்கவில்லை.

1901 ஜூலையில், ஆண் பிள்ளைகளின் பள்ளி ஒன்றில் வெளித்தேர்வர்களாகப் பதினான்கு பெண்கள் தேர்வெழுதினர். தேறியவர் நால்வர். மைட்னர் ஒருவர், இயற்பியல் மேதை போல்ட்ஸ்மனின் மகள் மற்றொருவர். பதினான்கு வயதில் தொடர்ந்திருக்க வேண்டிய படிப்பு இருபத்து மூன்றை நெருங்கும்போது தொடர்ந்தது. போல்ட்ஸ்மனிடமே பயின்று, 1906-இல் முனைவரானார்.

அடுத்த ஆண்டு பெர்லின் சென்றார். அங்கே மாக்ஸ் பிளாங்க், பெண்ணுக்கு இயற்கை விதித்த கடமை தாய்மையும் இல்லறமும் என்று பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதியிருந்தவர்; விதிவிலக்கான பெண்களை மட்டும் அனுமதிக்கலாம் என்பது அவர் கருத்து. அந்த விதிவிலக்குகளுள் ஒருவராக மைட்னரை ஏற்றவர், 1912-இல் தம் உதவியாளராகவும் நியமித்தார். வேதியியல் நிறுவனத் தலைவர் எமில் ஃபிஷரோ பெண்களை ஆய்வுக்கூடத்துக்குள் விடுவதில்லை. கூந்தலில் தீப்பற்றிவிடுமோ என்ற அச்சமாம். அவருக்கே அடர்ந்த தாடி இருந்தது. தச்சுப்பட்டறையாக இருந்த கீழ்த்தள அறை ஒன்றில், தனி வாயில் வழியாக வந்துபோக வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஓட்டோ ஹானுடன் ஆய்வுசெய்ய மைட்னருக்கு அனுமதி கிடைத்தது. கழிவறைக்கு அருகிலிருந்த உணவகத்தை நாட வேண்டியிருந்தது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குத் திறக்கப்பட்ட பிறகே இந்நிலை மாறியது.

1926-இல் பேராசிரியர் ஆனார். ஜெர்மனியில் இயற்பியலில் அந்நிலையை எட்டிய முதல் பெண் அவரே. யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1938 ஜூலையில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஸ்வீடனில், ஹான் கடிதத்தில் தெரிவித்திருந்த புதிரான முடிவைத் தம் சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷுடன் பனியில் நடந்தபடி விவாதித்தார். வீழ்ந்துகிடந்த மரத்தில் அமர்ந்து துண்டுத்தாளில் கணக்கிட்டார்கள். அணுக்கருக்களின் நிறையைக் கணிக்கும் முறை மைட்னருக்கு மனப்பாடமாக இருந்தது. யுரேனியக் கரு பிளந்தால் ஏறத்தாழ 200 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வெளிப்படும் என்ற விடை அங்கேயே கிடைத்தது. கண்டுபிடிப்புக்கான 1944-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் வழங்கப்பட்டது. மைட்னர் 1968-இல் கேம்பிரிட்ஜில் காலமானார்.

இதைப் படித்த கல்வியாண்டில், பதிவேட்டையும் கருவியையும் வாரந்தோறும் கைமாற்ற வேண்டும் என்று வகுப்பில் விதி செய்தேன். முதல் வாரம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி திருகு அளவியைக் கையில் வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நூலில் உள்ள படத்தைப் பார்த்து இது இன்னும் பெரிதாக இருக்கும் என்று எண்ணியிருந்ததாகச் சொன்னாள்.