வாட்ஸ்அப்பில் சுற்றும் பஞ்சக் குழந்தைகள் படம்: எடுத்த ஹூப்பர் யார்?

விலா எலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். தொடையைவிட முழங்கால் பெரிசு. பெரியவர்கள் நடுவே உட்கார்ந்திருக்கும் அந்தக் குழந்தைகளின் படங்களைப் பலரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். 1943 வங்கப் பஞ்சம் என்று போட்டு ஃபார்வர்டு பண்றாங்க. அது தப்பு. இவை 1876-78ல் சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் எடுத்தவை.

எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர். 1837ல் இங்கிலாந்தில் பிறந்து, மெட்ராஸ் குதிரைப்படையில் அதிகாரியாக இருந்தவர். இந்திய மக்களை இனம் பிரித்துக் காட்ட அரசு வெளியிட்ட 8 தொகுதி நூலுக்குப் படம் கொடுத்தார். புலி வேட்டையை நாடகம் போல நடிக்க வைத்தும் படமெடுத்தார்.

தானியம் இருந்துச்சு, காசு இல்லை

1876ல் மழை பொய்த்தது. ஆனா மெட்ராஸ் கடற்கரையில் கப்பலில் வந்த தானியம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ராயபுரத்தில் 1856லேயே ரயில் வந்தாச்சு. விலைதான் ஏழைக்கு எட்டவில்லை.

வடசென்னைக்குப் பஞ்சம் புதுசும் இல்லை. 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தால்தான் ஸ்டான்லி மருத்துவமனைக்கு இன்னைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பெயர்.

1877ல் டெல்லியிலிருந்து வந்த ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க உழைக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியம், கூடவே கொஞ்சம் சில்லறை. உழைக்கவே முடியாதவர்களுக்கு மட்டும் இலவச உணவு. ஹூப்பரின் ஒரு படத்தலைப்பும் இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்றே இருக்கிறது. எலும்பு தெரிவதுதான் அந்தத் தகுதி! தலைப்பில் யார் பெயரும் கிடையாது.

அந்தக் காலக் கேமராவுக்குச் சில விநாடி அசையாமல் இருக்கணும். பட்டினி கிடந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து எடுத்துவிட்டு, சோறு போடாமலே அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு ஹூப்பர் மேல் உண்டு. அதேசமயம், பஞ்சப் படங்கள் செதுக்கோவியங்களாக லண்டன் பத்திரிகைகளுக்குப் போய், அங்கே நிதி திரட்டவும் உதவின. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும். பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு.

பர்மாவில் சிக்கினார்

1886ல் மாண்டலேயில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் நொடியைப் படமெடுத்தார் ஹூப்பர். கேமரா தயாராகும்வரை துப்பாக்கிகளைக் காக்க வைத்தார் என்று புகார் எழுந்தது. விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போய் விசாரணை நடந்தது. கிடைத்தது ஒரு கண்டனமும் தற்காலிகச் சம்பளக் குறைப்பும்தான். 1912ல் இங்கிலாந்தில் இறந்தார்.