சி. வை. தாமோதரம்பிள்ளையும் முதற் பட்டமும்

இக்காலத்தில் ஒரு குடும்பத்துப் பிள்ளை பி. ஏ. பட்டம் பெறுதல் வியத்தற்குரியதன்று. எத்தனை ஆண்டு பயிலவேண்டும், எத்தனை நாள் வகுப்பிலிருந்தாற் பரீட்சைக்கு அனுமதிப்பர், ஒரு பாடத்திற் தவறினால் மறுமுறை எப்பொழுது எழுதலாம் என்பனவெல்லாம் பள்ளியையே காணாத தாய்மாரும் அறிந்த செய்தியாய்விட்டன. ஆயின், பட்டம் பெற்றார் ஒருவரேனும் தமிழ்நாட்டில் இல்லாத காலமும் ஒன்று இருந்தது. அக்காலத்தில் முதன்முதலாக அப்படியில் ஏறியவர் இருவர். அவருள் ஒருவராகிய இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் சரித்திரத்தை நம் வாலிபர் அறிதல் நன்று.

அன்னார் நமக்கு அயலாருமல்லர். திருச்சிராப்பள்ளிக்கும் புதுக்கோட்டைக்கும் இடைப்பட்ட நாட்டில், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தாற் பெயர்பெற்ற ஆவூர் அந்நாளிற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அச்சமஸ்தானத்து நீதிமன்றத்தில் 1887-ஆம் ஆண்டு முதல் நீதிபதியாய் வீற்றிருந்தவர் இவரே. ஆவூரார் தம் நிலவழக்கை மேல்முறையீடாகக் கொண்டுசென்றிருப்பின், அதனைக் கேட்கும் இடத்திலிருந்தவர் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரி என்பதை எத்தனைபேர் அறிந்திருப்பர்?

பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12-ஆந் தேதி யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளையின் புதல்வராய்ப் பிறந்தார். இளமையில் தந்தையாரிடமும், பின்னர் முத்துக்குமாரக் கவிராயரிடமும் தமிழ் கற்றார். அப்பால் அமெரிக்கப் பாதிரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியிற் சேர்ந்தார். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானநூலும், தருக்கமும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன. கற்பித்தலிற் சிறந்த அந்தக் கலாசாலைக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் மட்டும் இல்லை. ஆதலால், கற்கவேண்டியவற்றைக் கற்று 1852-இல் வெளிவந்த பிள்ளையவர்கள் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ள ஓர் எழுத்துமின்றிக் கோப்பாயில் ஆசிரியத் தொழிலில் அமர்ந்தார். 1854-இல் நீதிநெறிவிளக்கத்தை அச்சிட்டார். பின்பு பெர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிடத்தும் சர்வகலாசாலைகள் தோன்றின. செப்டம்பர் மாதம் 5-ஆந் தேதி பிறந்த சென்னைச் சர்வகலாசாலை மூன்றனுள் இளையது. இலண்டன் சர்வகலாசாலையைப் பார்த்து வகுத்தமையால், தானே பாடஞ் சொல்லும் கடமை அதற்கு அந்நாளில் இல்லை. மாணவர் கலாசாலைகளிற் கற்றுவருவர். சர்வகலாசாலை பரீட்சை செய்து பட்டம் அளிக்கும். கேள்வியும் மதிப்பெண்ணும் அதன் வேலை. கற்பித்தல் பிறர் வேலை.

அந்தப் பரீட்சையும் எளியதன்று. ஆங்கிலம், அதனோடு பிறிதொரு மொழி, கணிதம், இயற்கைப் பொருணூல், வரலாறு, மனநூல், ஒழுக்கநூல் எனப் பலதுறையிலும் ஒருவனே வல்லனாதல் வேண்டும். ஒரு துறையில் மலையெனச் சிறந்திருந்தும் மற்றொன்றிற் சறுக்கினவனுக்கு இடமில்லை. கும்பகோணத்து இராமாநுஜன் கணிதத்தில் உலகம் வியக்கும் மேதையாயிருந்தும், ஏனைப் பாடங்களைப் புறக்கணித்தமையால் எஃப். ஏ. பரீட்சையிலேயே தவறினார். அவருக்குப் பி. ஏ. பட்டம் அளித்தது கேம்பிரிட்ஜ். அதுவும் ஆராய்ச்சிக்காக 1916-இல் அளித்தது. விதி எல்லார்க்கும் ஒன்றாதல் வேண்டும் என்பது மெய்யே. அவ்விதியின் கண்ணி ஒரோவழிப் பெருமீனையும் தப்பவிட்டுவிடும் என்பதும் மெய்யே.

பிற்காலத்தில் மெட்ரிகுலேஷன் தேறியபின் எஃப். ஏ. வுக்கு இரண்டாண்டு, அதன்மேற் பி. ஏ. வுக்கு இரண்டாண்டு எனக் காலவரையறை ஏற்பட்டது. பிறந்து சில மாதமே ஆகிய சர்வகலாசாலை முதலில் வந்தோரை இத்தனையாண்டு எம்மிடம் இருந்தீரோ என்று கேட்டல் கூடாதன்றோ? ஆதலின் பிள்ளையவர்களும், அவரோடு கறல் விசுவநாதபிள்ளையும் முதற் பி. ஏ. பரீட்சையை எழுதித் தேறினர். விசுவநாதபிள்ளை பீசகணித நூல் இயற்றியவர்; வட்டுக்கோட்டையில் ஆசிரியராயிருந்தவர். ஆசிரியர் நிலையிலிருந்தவரும் மாணாக்கர் நிலையிலிருந்தவரும் ஒரே மண்டபத்தில் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதிய காட்சியை எண்ணுந்தோறும் இன்பம் தருகின்றது. பட்டம் வந்தது சென்னையிலிருந்து. கல்வி வந்தது 1855-இலேயே மூடப்பட்டுவிட்ட வட்டுக்கோட்டையிலிருந்து. சில மாதத்திற் பெற்ற பட்டம் என்று இதனைச் சொல்வோர், அதன் பின்னே நின்ற இருபதாண்டுக் கல்வியைக் கணக்கில் எழுத மறந்தவராவர்.

பட்டத்தின்பின் கள்ளிக்கோட்டைக் கலாசாலையில் ஆசிரியராகவும், பின்னர்ச் சென்னையில் அரசாங்க வரவுசெலவுக் கணக்கு இலாகாவிலும் உத்தியோகம் வகித்தார். பகல் முழுதும் எண்களோடு போராடிய அவர் சட்டமும் பயின்று, 1871-இற் பி. எல். பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதை அணுகியிருந்தது. உத்தியோகமும் மனைமக்களும் உடையார் ஒருவர் மீட்டும் மாணவராய்ப் பரீட்சை மண்டபத்துட் புகுதல் முதற் பட்டத்தினும் அரிய செயலென்பதே எம் கருத்து.

உத்தியோகத்தினின்று நீங்கியபின் கும்பகோணத்தில் வழக்கறிஞராயிருந்தார். அங்கிருந்து புதுக்கோட்டைக்குச் சென்ற காலத்தில் அச்சமஸ்தானத்தை நடத்திவந்தவர் சேஷையா சாஸ்திரியார். அரசர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இளையராயிருந்தமையால், திவான் ரீஜெண்டாய் அவரே ஆட்சி புரிந்தார். சாஸ்திரியார் சர்வகலாசாலை தோன்றுமுன்னரே, பவல் துரையிடம் சென்னை உயர்தரப் பாடசாலையிற் பயின்று, அந்நாளில் அப்பாடசாலை அளித்த தேர்ச்சிப் பட்டத்தை 1848-இற் பெற்றவர். பழைய முறையில் தேறியவர் ஆட்சிபீடத்தில். புதிய முறையில் முதலில் தேறியவர் நீதிபீடத்தில். சிறிய சமஸ்தானமொன்றில் இவ்விருவரும் ஒருங்கே அமர்ந்தது தற்செயலாயினும் சிறப்புடையது.

இனி, எந்தச் சர்வகலாசாலையும் கேளாத ஒரு பரீட்சையைப் பிள்ளையவர்கள் தாமே தமக்கு விதித்துக்கொண்டதைச் சொல்லவேண்டும். பட்டத்துக்குத் தமிழும் ஒரு பாடமாயிற்று. ஆனால் அத்தமிழின் பெருநூல்களோ செல்லரித்த ஏடுகளிற் கிடந்தன. ஒரு முறை கட்டவிழ்த்தால் ஓரம் நொறுங்கும். மறுமுறை அவிழ்க்க ஏடே இராது. பிள்ளையவர்கள் ஊரூராகப் பிரதி தேடினார், ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார், கைப்பொருள் செலவிட்டு அச்சிட்டார். 1868-இற் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையோடு வெளிவந்தது, 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருள், 1885-இற் தொல்காப்பியப் பொருளதிகாரம். புதுக்கோட்டைக்கு வந்த 1887-ஆம் ஆண்டிலேயே கலித்தொகை வெளிப்பட்டது. நீதிபதியாயிருந்தபொழுதே, 1889-இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும் அச்சேறின. பகலில் மனுதாரர் சாட்சியத்தையும் இரவில் ஏட்டுப் பிரதிகளின் சாட்சியத்தையும் அவர் ஒரே கண்கொண்டு ஆராய்ந்தார் போலும். இவ்வேலையில் அவருக்கு நேர்ந்த பொருள் நட்டம் சிறிதன்று. வாங்குவார் குறைவு, குறை கூறுவாரோ மிகுதி.

கும்பகோணத்திலிருந்த காலத்து, அவ்வூர்க் கலாசாலைத் தமிழாசிரியராகிய உ. வே. சாமிநாதையரவர்களை அறிந்தார். சீவகசிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கக் கருதி அவரிடம் பிரதியை வேண்டினார். ஐயரவர்கள் கொடாது தாமே பதிப்பித்து 1887-இல் வெளியிட்டார். ஒருவர் பி. ஏ., பி. எல்.; மற்றவர் சர்வகலாசாலைப் பரீட்சை எதனையும் எழுதாதவர், மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் திருவடியிற் பாடங் கேட்டவர். இருவரும் கையிலெடுத்த வேலை ஒன்றே. ஏட்டுச்சுவடி இவருள் யார் பட்டதாரி என்று பார்த்துத் தன் பொருளை விளக்கவில்லை.

1891-இல் எழுத்ததிகாரத்தையும் 1892-இற் சொல்லதிகார நச்சினார்க்கினியத்தையும் வெளியிட்டார். 1895-இல் அரசாங்கத்தார் இராவ்பகதூர் பட்டம் அளித்தனர். 1901-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதி, புதிய நூற்றாண்டு பிறந்த அன்றே, பிள்ளையவர்கள் உலக வாழ்வு நீத்தார். அவர் முதலிற் பரீட்சை கொடுத்துப் பட்டம் பெற்ற அதே சென்னைச் சர்வகலாசாலை, 1932-இல் சாமிநாதையரவர்களுக்குப் பரீட்சையின்றியே டாக்டர் பட்டம் அளித்தது.