மூடிய கலமும் திறந்த கலமும்

தமிழகத்தின் வடகோடியில், ஆந்திர நாட்டையும் அளாவிக் கிடப்பது பழவேற்காட்டு ஏரி. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அவ்வேரியின் கரையிலே மீனவர் குப்பங்கள் பல உள. அங்கு விற்றது போக எஞ்சிய மீனை உப்பிட்டு, வெயிலில் உலர்த்திக் கருவாடாக்குவர். படகு செலுத்த இயலாத மழைநாளில் குடும்பத்திற்கு உதவும் சேமிப்பு அதுவே. வானம் மூடி வெயில் குன்றினாலோ, அரைகுறையாக உலர்ந்த மீனில் ஓரிரு நாளிற் புழு நெளியும். பட்ட பாடெல்லாம் பாழாகும்.

அப்புழு எங்கிருந்து வந்தது? மீனே அழுகிப் புழுவாயிற்றா? அன்றிப் புறத்தேயிருந்து வந்து புகுந்ததா? இவ்வினாவிற்குச் சோதனையால் விடை கண்ட பேரறிஞர், இத்தாலி நாட்டு மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி ஆவார்.

ரெடி 1626 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18 ஆம் நாள் அரெசோ என்னும் நகரிற் பிறந்தார். அவர் தந்தையாரும் மருத்துவரே. ரெடி பைசாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் தத்துவமும் பயின்று, 1647 இற் பட்டம் பெற்றார். பின்னர் டஸ்கனி நாட்டை ஆண்ட மெடிச்சி மரபினரின் அரண்மனை மருத்துவராகிப் பிளாரன்ஸ் நகரில் வாழ்ந்தார். பெருமக்கள் கூறியதாயினும் கண்ணாரக் கண்டு தெளியாமல் ஒன்றையும் ஏலாமை அவர்தம் இயல்பு. பாம்பின் நஞ்சு குருதியிற் கலந்தாலன்றித் தீங்கு செய்யாது என்பதைச் சோதித்தறிந்து, 1664 இல் நூலாக வெளியிட்டார்.

அக்காலத்தில், அழுகும் பொருளிலிருந்து புழு தானே தோன்றும் என்றே கற்றாரும் கல்லாரும் நம்பினர். கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டிலின் கருத்தும் அதற்கு அரண் செய்தது. நம் நாட்டு முன்னோரும் உயிர்களின் பிறப்பை நால்வகையாகப் பகுத்து, வியர்வையிற் பிறப்பன என ஒரு வகை வைத்தனர். புழு தானே பிறப்பதாயின், அதைத் தடுக்க மனிதனால் ஆவது யாது? இந்நம்பிக்கை உள்ளவரை உணவைக் காக்கும் முயற்சிக்கு உறுதியான அடிப்படை இல்லை.

ரெடியின் உள்ளத்தில் ஐயம் எழுந்தது. வேட்டைக்காரரும் இறைச்சி விற்போரும் கோடையில் ஊனைத் துணியால் மூடி வைப்பதை அவர் கண்டிருந்தார். இறந்த நண்பனின் புண்களில் ஈ மொய்த்துப் புழு உண்டாகுமே என்று வீரன் அக்கிலீசு அஞ்சியதாக ஹோமரின் இலியத்து கூறுவதும் அவர் நினைவுக்கு வந்தது. அழுகிய ஊனிற் கண்ட புழுக்களை அடைத்து வைத்துப் பார்த்தார். அவை கூடாகிப் பின் ஈக்களாகப் பறந்தன. ஈயே புழுவின் தாய் எனக் கருதிய அவர், அதனை மெய்ப்பிக்க முற்பட்டார்.

ஆர்னோ ஆற்று மீன், விலாங்கு, பாம்பு, கன்றின் ஊன் ஆகியவற்றை வாயகன்ற நான்கு கலங்களில் இட்டு இறுக மூடினார். அவ்வாறே வேறு நான்கு கலங்களை நிரப்பித் திறந்தே வைத்தார். திறந்தவற்றில் ஈக்கள் புகுந்து வெளிவந்தன. விரைவிற் புழுக்கள் நிறைந்தன. மூடியவற்றிலோ பொருள் அழுகியதேயன்றி ஒரு புழுவும் தோன்றவில்லை.

காற்றுப் புகாமையாலன்றோ புழு பிறக்கவில்லை எனச் சிலர் தடை கூறக்கூடும். அதனை எதிர்நோக்கிய ரெடி மற்றொரு சோதனை செய்தார். கலத்தின் வாயைக் காற்று நுழையும் மெல்லிய வலைத்துகிலால் மூடினார். அவ்வளவில் நில்லாது, அக்கலத்தை அதே துகில் போர்த்த ஒரு சட்டத்தினுள் வைத்தார். நாற்றத்தால் ஈர்க்கப்பட்ட ஈக்கள் வெளியே சூழ்ந்தன. புறத்துகிலின் மேற் புழுக்கள் ஊர்ந்தன. உள்ளிருந்த ஊனிலோ ஒன்றும் காணப்படவில்லை. காற்று சென்றது, ஈ செல்லவில்லை, புழு பிறக்கவில்லை. 1668 இல் இவற்றையெல்லாம் நூலாக்கினார். அந்நாளிற் பழவேற்காடு, ஜெல்திரியாக் கோட்டை கட்டிய டச்சுக்காரர் கையில் இருந்தது.

ரெடி கண்டது முழுமையன்று. மரங்களில் தோன்றும் புடைப்புகளினுள் இருக்கும் புழுக்கள் அம்மரத்தாலேயே உண்டாவன என அவர் கருதினார். அப்பிழையைப் பின்வந்த அறிஞர் சோதனையாலேயே திருத்தினர்.

அவர் கண்ட உண்மையிலிருந்து நம் வீட்டுக் கலங்களுக்குரிய இலக்கணம் விளங்கும். மீனை உலர்த்துங்கால் காற்று வேண்டும். ஆதலின் ஈ நுழையாத வலை வேண்டும். அவ்வலை மீனின்மேற் படியலாகாது. படிந்தால் ஈ வலையின் கண் வழியே முட்டையிட்டுவிடும். ஆகவே சட்டமிட்டு உயர்த்திக் கட்டுதல் வேண்டும். நன்கு உலர்ந்தபின் வலை போதாது. கருவாட்டை அரிக்கும் சிறு வண்டுகள் துணியையும் ஓலையையும் துளைக்க வல்லன. எனவே இடுக்கற்ற மூடியுடைய கெட்டியான கலம் வேண்டும். எவ்வளவு இறுகிய மூடியும், முன்பே உள்ளே இடப்பட்ட முட்டையைத் தடுக்காது. ஆதலால் முதலில் காய்ச்சல், பிறகு தூய்மை, அதன்பின் மூடி என்னும் முறை பிறழலாகாது.

ரெடி சிறந்த பாவலருமாவார். 1691 இல் வெளிவந்த இத்தாலிய மொழிப் பேரகராதியின் மூன்றாம் பதிப்பிற்கும் பெரிதும் உழைத்தார். 1697 மார்ச்சுத் திங்கள் முதல் நாள் பைசா நகரில் இயற்கை எய்தினார்.

அவர் கையாண்ட கருவிகள் அரியன அல்ல. சில கலங்களும் ஒரு துகிலுமே. எனினும் அவற்றைக் கொண்டு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான கருத்தை ஆராய்ந்து பார்க்கும் துணிவு அவரிடம் இருந்தது. புழு விதியால் வருவதன்று, வழி திறந்திருப்பதால் வருவது என்று அவர் காட்டினார். வழியை அடைத்தல் நம் கையில் உள்ளது.