மகாவித்துவானுக்கு எத்தனை மதிப்பெண்?

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, மாலையில் பங்சாரில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் சிலருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தேர்வு முடிந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேருக்கு ‘ஏ’? அந்த எண்ணிக்கையே என் தகுதி. இது நியாயமா என்று யோசிக்கும்போதெல்லாம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நினைவுக்கு வருவார்.

1815இல் திருச்சிராப்பள்ளி அருகே பிறந்தவர் அவர். தந்தையிடம் தமிழ் கற்று, பின்னர் புலவர்களைத் தேடித் தேடிப் படித்தார். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக உயர்ந்தார். சாதி, சமயம் பாராமல் பாடம் சொன்னார், கட்டணம் வாங்கவில்லை.

1871இல், 16 வயதில், உ.வே.சாமிநாதர் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்தார். முதல் சில நாட்கள் பாடம் நடத்தியது பிள்ளையல்ல, மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளை. ஆசிரியர் தம் தோட்டத்துச் செடிகள் துளிர்ப்பதைக் காலையில் ரசிப்பார் என்றறிந்த சாமிநாதர், புதுத்தளிர்களைத் தேடிக் காட்டியே அவர் மனத்தில் இடம்பிடித்தார். அந்த முதல் வாரத்தில் ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட்டிருந்தால், பிள்ளைக்கு என்ன மதிப்பெண் கொடுத்திருப்பார்?

1876இல் பிள்ளை மறைந்தபோது சாமிநாதருக்கு வயது 20. வேலையில்லை, பெயரும் இல்லை. 1880இல்தான், பிள்ளையின் இன்னொரு மாணவரான தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தது. அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார், அவர் படித்திருந்த அந்தாதி, புராணங்களைப் பெரிதாக மதிக்காமல், சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அதைப் பிள்ளை பாடம் சொன்னதில்லை. பாடத்திட்டத்தை மட்டும் பார்த்தால் ஆசிரியர் அங்கே தோற்றார்.

ஆனால், அறியாத நூலையும் விடாமல் படித்து விளங்கிக்கொள்ளும் பயிற்சி மாணவரிடம் இருந்தது. சமணர்களிடமும் கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். சிலப்பதிகாரம், புறநானூறு என்று பதிப்புகள் தொடர்ந்தன. அதில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு, மாணவரின் உழைப்பு எவ்வளவு, சமணர்களின் உதவி எவ்வளவு? எந்தத் தராசிலும் பிரித்து நிறுக்க முடியாது. மாணவர் தந்த மதிப்பீடோ, ஆசிரியர் மறைந்து 57 ஆண்டுகள் கழித்து, 1933இல் வெளிவரத் தொடங்கிய இரண்டு பாக வாழ்க்கை வரலாறு.

ஆசிரியரை மதிப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியாகச் சொல்லித்தராதவரால் பாதிக்கப்படுவது நாம்தானே! மதிப்பெண்ணைப் பாருங்கள். மாணவன் எந்த நிலையில் வந்தான், ஆசிரியர் இல்லாதபோதும் தானாகப் படிக்கிறானா என்பதையும் பாருங்கள். பருவ இறுதியில் விரிவுரையாளர் மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வரும்போது, இரண்டு நிமிடம் கூடுதலாக யோசித்து நிரப்புங்கள், நண்பர்களே.